வராந்தாவில் சொல்வது

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருந்த அப்துல் சுபஹானின் ஒரே மகன் இத்ரீஸ். டாக்டருக்குப் படித்து முடித்தபின் பொது மருத்துவத்தில் மூன்று வருடம், நரம்பியலில் மூன்று வருடம், மூளை பாதித்து நினைவிழந்தவர்களுக்கான தீவிர சிகிச்சையில் வெளிநாட்டில் இரண்டு வருடம் என்று மேலும் படித்தார். மகன் படிப்பு எப்போது முடியும் என்று கேட்டே கடைக்கு வருகிறவர்கள் அலுத்துப்போனார்கள். 2002இல் அவர் திரும்பி வந்த அன்று அப்பா சொன்னாராம்: "கால நான் பாத்துக்குறேன், தலைய நீ பாத்துக்க. நடுவுல கீறத அல்லா பாத்துக்குவான்."

இத்ரீஸுக்கு ஒரு விதி இருந்தது. நினைவில்லாதவரின் நிலைமையைப் பற்றி அவர் கட்டிலருகே பேசக் கூடாது. உறவினரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்த்தான் சொல்வார். கட்டிலருகே நோயாளியிடம் மட்டுமே பேசுவார். "அண்ணாத்த, கண்ணுல டார்ச் அடிக்கப் போறேன்."

1993இல் பயிற்சி டாக்டராக இருந்தபோது, ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்ட அச்சரப்பாக்கத்து லாரி டிரைவர் கண்ணாயிரத்தின் தலைமாட்டில் நின்றே, "விடியறவரைக்கும் தாங்காது" என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். பதினோராம் நாள் கண்ணாயிரம் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

"இன்னா டாக்டரே, விடியறதுக்குள்ள பூடுவேன்னியே. பத்து வாட்டி விடிஞ்சிட்ச்சி. இன்னும் எத்தினி நாள் டைம் குடுப்ப?"

இத்ரீஸ் மன்னிப்புக் கேட்டார்.

"அதெல்லாம் வாணாம். கொஞ்சம் சட்னி வாங்கியா."

வாங்கி வந்தார்.

இதை அவர் எனக்குச் சொன்னது 2006இல், தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்த வராந்தா மூலையில். உள்ளே என் மனைவி லதா இருந்தாள். கல்பாக்கத்தில் கணக்கு டீச்சர். பின்னக் கணக்கு நடத்தும்போது வகுப்பில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு.

"லதா டீச்சர், என் கைய அழுத்துங்க பாக்கலாம்" என்று தினமும் கேட்டார். அவள் அழுத்தவில்லை.

"அவளுக்குக் கேக்குதா டாக்டர்?"

"தெரியாது சார். தெரியாததாலதான் வெளிய நிக்கிறோம்."

ஐந்தாம் நாள், மூளை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு முறை செய்வார்கள். இரண்டாவதன்போது என்னையும் நிற்க விட்டார். டார்ச் அடிப்பதையும், காதில் குளிர்ந்த தண்ணீர் விடுவதையும், செயற்கைச் சுவாசத்தை நிறுத்திப் பார்ப்பதையும் ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார்.

முடிந்ததும் வழக்கப்படி நான் கதவுப் பக்கம் நடந்தேன். அவர் வரவில்லை. கட்டிலருகே நின்றபடியே, "சார்" என்றார்.

அங்கேயே சொல்லப் போகிறார். விதி இனி தேவையில்லை என்று புரிந்தது.

"வராந்தாவுக்குப் போயிடலாம் டாக்டர்" என்றேன்.

இத்ரீஸ் டார்ச்சைச் சட்டைப்பையில் வைத்தார். கட்டில் பக்கம் குனிந்தார்.

"லதா டீச்சர், சார்கூட கொஞ்சம் வெளிய போய்ப் பேசிட்டு வரேன்."

வந்து, சிலிண்டர் பக்கத்தில் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார்.