தோல் அழுக்கு என்று எழுதிய ரிப்போர்ட்

லேப் டெக்னீஷியன் வேலை என்பது, பதிலை முன்னாலேயே முடிவு செய்துவிட்டவர்களுக்குச் சோதனை செய்து கொடுக்கும் வேலை. உள்ளதைச் சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கிய அனுபவம் உண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி லேபில் நான் குப்பை கொட்டிய காலத்துச் சமாச்சாரம் இது.

மூன்று தடவை ஊசி

முருகேசனுக்குப் பெருங்களத்தூரில் வெல்டிங் பட்டறை. மூன்று வாரமாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் போடுவார், இறங்கினால் நிறுத்துவார், ஏறினால் மறுபடி இரண்டு நாள். படித்த மேதாவிகளும் இதையேதான் செய்கிறார்கள், அவரை மட்டும் திட்டுவானேன். கடைசியில் பார்த்த டாக்டர், இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, வால்வில் கிருமி பிடித்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பினார். அந்தச் சோதனைக்கு வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை ரத்தம் எடுக்க வேண்டும். மூன்றாவது தடவை முருகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாக்கா, வேலைக்குப் புதுசா? மொத தபாவே ஒயுங்கா எட்த்துருக்கலாம்ல?”

முதலாளியின் கண்டுபிடிப்பு

அந்த ரத்தத்தை ஊற்றி வைத்த மூன்று பாட்டிலிலும் ஒரே வெள்ளைக் கிருமி வளர்ந்தது. எல்லார் தோலிலும் சும்மா உட்கார்ந்திருக்குமே, அந்த வகைதான். ஆனால் அதில் பொல்லாத ரகம் ஒன்று உண்டு, ரத்தத்தில் இறங்கினால் வால்வையே அரித்துத் தின்னும். இதன் போக்கு எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

முதலாளியும் டாக்டர்தான். கிருமி வளர்ந்த தட்டை அவர் கையில்கூட வாங்கவில்லை. நான் ஸ்பிரிட் வைத்துச் சரியாகத் துடைக்கவில்லையாம், தோல் அழுக்கு பாட்டிலில் விழுந்துவிட்டதாம். மூன்று நேரம், இரண்டு கை, ஒரே அழுக்கு எப்படி சார் வரும் என்று கேட்டேன்.

“மூணு தடவையும் தொடச்சது நீதானேம்மா? தோல் அழுக்குன்னு எழுதிக் கையெழுத்தப் போடு.”

ஒண்ணுமில்ல சார்

போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தட்டுகளைத் தூக்கி எறியாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன், என் வீரம் அவ்வளவுதான். ரிப்போர்ட்டை நம்பி, சோதனைக்கு அனுப்பிய டாக்டர் முருகேசனுக்கு டைபாய்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து, மூச்சு விட முடியாமல் தவித்த முருகேசனை அந்த டாக்டரின் நர்சிங்ஹோமில் கொண்டுவந்து போட்டார்கள். மறுபடி ரத்தம் எடுக்க நான் போனேன். கட்டி வந்ததா, பல் பிடுங்கினாயா, ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் “ஒண்ணுமில்ல சார்” என்றார் முருகேசன். அவர் மனைவி லட்சுமிதான் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதம் முன்பு முருகேசன் முகாமில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாராம். மறுநாளே பட்டறைக்குப் போய், தொடை இடுக்கில் புண் சீழ் வைத்திருக்கிறது. இந்தக் கிருமி குடியிருப்பதே அந்தப் பக்கத்துத் தோலில்தான். வெளியே தெரிந்தால் பட்டறையில் சிரிப்பார்களாம், ஆம்பளை கௌரவமாம்.

“எங்க மாமியாருக்கே தெரியாதுக்கா. உசுரே போனாலும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு.”

பேப்பர் வாங்க வந்தவர்கள்

சத்தியமாவது மண்ணாவது. லேபுக்குப் போய் ஃபிரிட்ஜில் இருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடி, எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றைக்கே சரியான ஊசி போட்டு ஆம்புலன்ஸில் சிட்டிக்கு அனுப்பினார். வால்வு கிழிந்திருந்தது. மாற்றுவதற்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் முருகேசன் போய்விட்டார். முப்பத்து நாலு வயசு. பத்து நாள் முன்னால் அந்த ஊசி ஏறியிருந்தால் பிழைத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பத்து நாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

முதலாளி எங்கள் ஃபைலில் இருந்த அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கிழித்துப் போட்டார். அடுத்த வாரம் மருத்துவப் பேப்பர்களை வாங்க லட்சுமி மாமியாரோடு வந்தாள். என் புள்ளைக்கு இன்னாம்மா வந்துச்சு என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்து, காதோரம் குனிந்தாள்.

“ஜொரம்னு சொல்லுக்கா. அவ்ளோதான்.”

அப்படியே சொன்னேன். ஆக, இத்தனை பேரில் எதையும் ஒளிக்காமல் முதலிலேயே முகம் காட்டியது அந்தக் கிருமி ஒன்றுதான்.