ஓடைப்பட்டியிலிருந்து தேனிக்கு: என் கல்லீரலின் எட்டாவது பரீட்சை

நான்கு வருடத்துக்கு முன் ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் எனக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. தானம் செய்யப் போனவன் நோயாளியாகத் திரும்பினேன். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேனி ஆஸ்பத்திரியில் பரிசோதனை. போன முறை கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த எண் எகிறிவிட்டது. இந்த முறையும் ஏறினால் தினமும் மாத்திரை, அதுவும் வருடக்கணக்கில் என்று சொல்லியிருந்தார்கள்.

காலை 6.10க்கு ஓடைப்பட்டியில் டவுன் பஸ். சின்னமனூருக்கு எனக்குப் பத்து ரூபாய், மனைவிக்கு இலவசம். "செலவு பூராம் உங்களாலதான்" என்றாள். வழிநெடுகத் திராட்சைப் பந்தல், ஜன்னலோரம் பிடியுங்கள். சின்னமனூரிலிருந்து தேனிக்கு 22 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்றவர்களின் கணக்கை வருடக்கணக்காக எழுதிவருபவர் ஒரு நர்ஸம்மா. அவர் அறைச் சுவரில் வருடத்துக்கு ஒரு கட்டையாக வரைந்திருக்கிறார்: அந்தந்த வருடம் புதிதாகக் கிருமி கண்டவர்களின் எண்ணிக்கை. கட்டை வர வரக் குட்டையாகிறது. பார்க்கவே சந்தோஷம்.

போன முறை என் எண்ணைப் பார்த்து அவர்தான் கண்டுபிடித்தார். "உங்க பக்கத்து ஆளுகளுக்கு டெஸ்டுக்கு வர்றப்பத்தான் ஏறுது. விசாரிச்சா, டெஸ்டுக்குன்னே வேர் மருந்து குடிச்சுட்டு வர்றாக. அதுதான் ஏத்திவிடுது. நீங்களுமா?"

நானும்தான். ஒரு வாரம் உப்பில்லாப் பத்தியம், இரண்டு வேளைக் கசாயம். பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவன் நான்; பரீட்சை நெருங்கினால்தான் உழைப்பேன்.

இந்த முறை ரத்தம் எடுக்கும் முன் நர்ஸம்மா என்னை விட்டுவிட்டு, கசாயம் குடித்தேனா என்று மனைவியிடம் கேட்டார்.

"ஒரு சொட்டு உள்ள போகலம்மா. நாந்தான காவல்" என்றாள் அவள்.

மதியம் 2.40க்கு ரிசல்ட். எண் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். நர்ஸம்மா நோட்டில் புள்ளி வைத்துக் கோட்டைக் கீழே இழுத்தபோது மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இழுங்கம்மா" என்றாள்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். பழைய நோட்டை மறக்காதீர்கள். எதைக் குடித்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு ஆட்களையும் பரிசோதியுங்கள். என் மனைவிக்கும் மகளுக்கும் கிருமி இல்லை, மூன்று தடுப்பூசியும் போட்டாயிற்று. சுவரில் இருக்கும் கட்டைகளில் எங்கள் வீட்டுப் பங்கு நான் ஒருவன்தான்.

எதுவும் தயார் செய்யாமல் போய் நான் பாஸான ஒரே பரீட்சை இது.