ஒவ்வொரு பதிப்பாக ஏறியவள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டெஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வரி நிரலை மாற்றச் சொன்னால்கூட, அதைச் சோதிக்க இன்னொரு நிரலை எழுதி வைத்துக்கொண்டுதான் கை வைப்பாள். வீட்டில் நிலைமை தலைகீழ். அலமாரியைத் திறந்தால் துணியெல்லாம் மேலே வந்து விழும். “உங்க ஆபீஸ்ல இருக்கறவங்க ஒரு தடவை இங்க வந்து பாக்கணும்” என்று தச்சு வேலை செய்யும் கணவன் சிரிப்பான்.

கால்நடை மருத்துவமனைகள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்று அவள் அலுவலகத்தினுடையது. எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பூனைக்கு என்ன மருந்து, எல்லாம் அதில்தான். அதை எழுதிய கணினி மொழியும், அதை அடித்தளமாகத் தாங்கி நின்ற ஃப்ரேம்வொர்க்கும் பல பதிப்புகள் முன்னே போய்விட்டன. இவர்கள் மட்டும் பழசையே கட்டிக்கொண்டு அழுதார்கள். பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று தெரிந்ததும் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாமா?”

“வேணாம் சார். ஒவ்வொரு வெர்ஷனா ஏறிப் போறேன். ஒரேயடியா தாவுனா எங்க உடைஞ்சுதுன்னே தெரியாது.”

“சலிச்சுப் போயிடுமேம்மா.”

“எனக்குப் பிடிச்ச வேலை சார் இது.”

பொய்யில்லை. மற்றவர்கள் புதுத் திட்டங்களுக்கு முட்டி மோதும்போது, பழைய நிரலில் சிக்கெடுப்பதுதான் அவளுக்குச் சுகம். ஒரு பதிப்பு ஏறுவாள். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள் கொட்டும். ஒவ்வொன்றாகத் தீர்த்துப் பச்சையாக்கிவிட்டுத்தான் அடுத்த பதிப்பைத் தொடுவாள்.

கடைசிப் பதிப்பில் மாட்டிக்கொண்டாள். தடுப்பூசி அட்டையை அச்சிட்டுத் தரும் நிரல் தொகுப்பு எங்கோ யாரோ எழுதியது. எழுதியவர் அதை எப்போதோ கைவிட்டிருந்தார். புதிய பதிப்பில் அது அசையவே மறுத்தது. சில நாட்கள் வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகுதான், அந்தத் தொகுப்பை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று தேடிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒரு கட்டம், நாலு வரி எழுத்து, ஒரு போட்டோ. இதுக்குத்தான் இவ்வளவு பெரிய யானையைக் கட்டித் தீனி போட்டிருக்கோம்.”

“அப்ப நாமளே எழுதிடலாமே.”

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். அச்சு இயந்திரத்திலிருந்து வந்த முதல் அட்டையில் பூனை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்த பிறகுதான் அதை நிமிர்த்தவே முடிந்தது.

சனிக்கிழமை பிற்பகல், மருத்துவமனைகள் மூடியதும் புதியதற்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். டெஸ்ட் அக்காதான் எடுத்தாள்.

“மேடம், ஏதோ தப்பா இருக்கு. பட்டனைத் தட்டுன உடனே சேவ் ஆயிடுச்சுன்னு வருது. நிஜமாவே ஆகுதா?”

“ஆகுதும்மா. புது வெர்ஷன்ல வேகமாயிடுச்சு.”

அந்தப் பக்கம் மறுபடி பட்டனைத் தட்டும் சத்தம் கேட்டது.

“முன்னாடியெல்லாம் ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துலதான் நான் டீ குடிப்பேன்.”

“டீயைக் குடிச்சு முடிச்சுட்டே தட்டுங்கம்மா. ஒண்ணும் ஆகாது.”

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். சிரிப்பில் அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்தான் சொன்னார்.

அன்று மாலை அவள் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. கணவனிடம் போனில் அந்த டீ கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் குரல் உயர்ந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.