ஓட்டைக்காரியின் வீட்டுக்காரர்

பட்டறையில் அவளுக்கு ஓட்டைக்காரி என்று பெயர். வைத்தவன் அழுத்துமிஷின்காரன். பெயரில் தப்பு சொல்ல முடியாது. அவள் சம்பளம் வாங்குவதே ஓட்டை போடத்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை.

மாவைவிட மெல்லிய நிக்கல் பொடியில், சூடு பட்டால் ஆவியாகிவிடும் ஓர் உப்பைக் கலந்து அச்சில் கொட்டுவாள். அழுத்தி, ஹைட்ரஜன் ஓடும் உலைக்குள் வைத்தால் உப்பு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அது இருந்த இடமெல்லாம் துளை. சூடு குறைந்தால் தகடு உதிர்ந்து மானத்தை வாங்கும். கூடினால் துளை அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கு மின்முனை இந்தத் தகடுதான். துளைக்குள் ஒரு பக்கம் வாயுவும் மறுபக்கம் திரவமும் புகுந்து சந்தித்தால்தான் மின்சாரம் வரும். அவள் உலையில் வெந்த தகடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டுக்காரர் கதை வேறு. அவர் பாலிஷ்காரர். அவர் தேய்த்த குழாயில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஒட்டாத வாணலியின் கறுப்புப் பூச்சைக் கறை என்று நினைத்து, வெள்ளி போல மின்னும்வரை தேய்த்து வைத்தார். அன்றைக்கு முட்டை வாணலியோடு குடித்தனமே நடத்தியது.

வாணலி போனால் போகிறது. மனுஷன் பேச்சையே குறைத்துவிட்டாரே, அதுதான் அவளை அரித்தது. ‘இப்போ என்ன பண்றீங்க?’ என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்று தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. பட்டறையை நடத்தும் பொறியாளரம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தகடுகளின் ஓரத்தைச் சீராக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தாள். கொஞ்ச நாள் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார் பொறியாளரம்மா.

“ஓரத்தை மட்டும் தேய்ங்க. தகட்டு மேல கை வெச்சீங்க, அவ்ளோதான்” என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

“எனக்கே தேய்க்கச் சொல்லித்தரியா?” என்றார்.

கலம் வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாகச் சொன்ன நாள். தட்டில் தகடுகள் சாம்பல் பூசியது போல மங்கலாகக் கிடந்தன. பாலிஷ்காரருக்குக் கை சும்மா இருக்குமா? அவள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அத்தனையும் ஜொலித்தன.

“அடப்பாவி மனுஷா!”

நிக்கல் நெகிழ்ந்து கொடுக்கிற உலோகம். மேலே தேய்த்தால் இழுபட்டுத் துளை வாயை மூடிவிடும். பொறியாளரம்மா ஒன்றை எடுத்து ஸ்பிரிட்டில் மூழ்கவைத்து அடியிலிருந்து காற்றை விட்டார். நல்ல தகடாக இருந்தால் மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்ப வேண்டும். இது கம்மென்று கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

“யார் பண்ணது?”

வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“நான்தான் மேடம் தேய்க்கச் சொன்னேன். பாக்க நல்லா இருக்குமேன்னு.”

“நீயா?” பொறியாளரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தனை வருஷம் இங்க என்னத்தைக் கத்துக்கிட்ட?”

அழுத்துமிஷின்காரன் களுக்கென்று சிரித்தான்.

வீட்டுக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “பொய் மேடம். தொடக்கூடாதுன்னு இவ தலைபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல. கல்யாணம் ஆனதுலேருந்து இவ சொன்ன எதைத்தான் கேட்டிருக்கேன்? வேணும்னா இவளையே கேளுங்க.”

பொறியாளரம்மா அவள் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

ஆமென்றால் அவர் வேலை போச்சு. இல்லையென்றால் அந்த மனுஷன் இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்ததற்கே அர்த்தமில்லை.

“ஆமா மேடம். சொன்ன பேச்சு கேக்கவே மாட்டார்.”

அவரை அப்போதே அனுப்பிவிட்டார்கள். வருகிறவர்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு, புதுத் தகடுகளை ஆரம்பிக்கச் சொன்னார் பொறியாளரம்மா. அவள் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் வாசலுக்கு ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“அறிவிருக்காய்யா உனக்கு? நான்தான் சமாளிச்சுட்டு இருந்தேன்ல? எதுக்கு நடுவுல வந்து வாயை விட்ட?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “வேலை என்ன, இன்னொண்ணு தேடிக்கலாம். உன்னைப் போயி ஒண்ணும் தெரியாதவ மாதிரி பாத்தாங்க பாரு, அது எனக்குப் பொறுக்கல.”

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள். அவர் தெருவில் இறங்கி, எதிரே வந்தவரிடம் நின்று என்னவோ பேசிவிட்டு நடந்தார். அவள் உள்ளே வந்து பொடி டப்பாவைத் திறந்தாள். நெஞ்சு நிறைந்து கிடந்தது. புருஷன் வேலை போன அன்றைக்கு இப்படிச் சந்தோஷப்படுகிற பொம்பளை உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று நினைத்தபடி, அச்சில் பொடியைக் கொட்டினாள்.