டச்சு தெரியாது என்று எழுதிக்கொடுத்தவர்

1998 ஏப்ரல் 11: விசாவுக்கு 65,000 ரூபாய்.
1998 ஜூன் 1: மாதம் 1,900 திர்ஹம்.
2002 செப்டம்பர் 1: மாதம் 3,200 திர்ஹம்.
2005 ஜனவரி 1: மாதம் 4,100 திர்ஹம்.
2007 நவம்பர் 8: கணக்குத் தீர்த்தது 21,640 திர்ஹம்.

பாளையங்கோட்டை நாகலிங்கத்தின் வளைகுடா வாழ்க்கை இந்த ஐந்து வரியில் அடங்கிவிடும், அவர் கற்றுக்கொண்ட டச்சு தவிர.

ஜெபல் அலியில், கடலைத் தூர்த்து நிலம் எழுப்பும் ஒரு டச்சுக் கம்பெனியில் அவர் டாக்குமெண்ட் கிளார்க். வருகிற போகிற காகிதங்களுக்கு எண் போட்டு, பதிந்து, அடுக்கிவைக்க வேண்டும். 2002இல் அதோடு இன்னொரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. வேலையை மேற்பார்க்கும் ஆலோசகர்கள், கம்பெனி கொண்டுவருகிற ஒவ்வொருவரின் படிப்பையும் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் அந்த ஆள் சைட்டில் கால் வைக்க முடியும். சான்றிதழ்கள் டச்சில் இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் எழுதி உட்கார்ந்திருக்க டச்சுக்காரர்களுக்குப் பொறுமை இல்லை. நாகலிங்கத்தின் மேஜையில் கொண்டுவந்து போட்டார்கள்.

யாரோ விட்டுப்போன கையகல அகராதி ஒன்று கிடைத்தது. புரியாததை டீ குடிக்க வருகிற பொறியாளர்களிடம் கேட்டுக்கொண்டார். இடப்பக்கம் டச்சு, வலப்பக்கம் ஆங்கிலம் என்று படிப்புகளின் பெயர்களை ஒரு பட்டியலாகச் சேர்த்தார். அவர் பி.எஸ்சி. இயற்பியல். பிசிக்ஸுக்கு டச்சில் நாட்டூர்குண்டே, இயற்கையைப் பற்றிய அறிவு, என்று தெரிந்த அன்றைக்கு அவருக்கு நிலைகொள்ளவில்லை. வேதியியலுக்கு ஸ்ஹெய்குண்டே, பிரித்தறியும் அறிவு. வானியலுக்கு ஸ்டெர்ரன்குண்டே, நட்சத்திர அறிவு. இங்கிலீஷ்காரன் கிரேக்கத்தில் கடன் வாங்கிய இடத்திலெல்லாம் இவர்கள் நம்மைப் போலச் சொந்தச் சொல்லை ஆக்கிவைத்திருக்கிறார்களே என்று, தம் சந்தோஷத்துக்காக, மூன்றாவதாக ஒரு தமிழ்ப் பத்தியும் பென்சிலில் சேர்த்தார்.

அவர் குடியிருந்த அஜ்மானிலிருந்து கம்பெனி வேன் ஓட்டிய மேலப்பாளையம் செய்கு முகம்மதுவிடம் காலையில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாப் படிப்புலயும் குண்டு வச்சிருக்கானுவ" என்பான் அவன். "ஒமக்கு வச்சிரப் போறானுவ, பாத்துக்கிடும்."

2004இல் ரூலோஃப் என்பவரின் சான்றிதழ் வந்தது. படிப்பு வெக் என் வாட்டர்பௌகுண்டே. சாலையும் நீர்க்கட்டுமானமும், ஆங்கிலத்தில் சிவில் இன்ஜினியரிங். ஆனால் படித்தது நடுநிலைத் தொழிற்பள்ளியில். நம் ஊர்க் கணக்கில் டிப்ளமாவுக்கும் அரைப்படி கீழே. ஆலோசகர்களோ பட்டதாரி வேண்டும் என்றிருந்தார்கள். நாகலிங்கம் பள்ளியின் பெயரையும் தரத்தையும் சேர்த்தே ஆங்கிலத்தில் டைப் அடித்துக்கொண்டு போனார். மேலாளர் ஹென்ட்ரிக் படித்துவிட்டுப் பள்ளி இருந்த வரியைப் பேனாவால் கோடிட்டு நீக்கினார்.

"படிப்பின் பெயரை மட்டும் போடு, நாகா. அது பொய்யில்லையே."

பொய் இல்லைதான். சிவில் இன்ஜினியரிங் என்று மட்டும் படிக்கிறவர் பட்டம் என்று எடுத்துக்கொள்வார், அவ்வளவே. அந்த வருஷம்தான் மனைவி ஜெயலட்சுமியும் மகள் சுஷ்மிதாவும் அஜ்மானுக்கு வந்திருந்தார்கள். குடும்ப விசா அவர் சம்பளத்தின் மேல் நின்றது. அந்த வரி இல்லாமல் மறுபடி டைப் அடித்துக்கொடுத்தார். அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் வழக்கம்போலத் தம் இனிஷியலைப் போட்டார். இனிஷியல் இல்லாமல் ஒரு காகிதத்தை வெளியே விட்டவர் இல்லை. ஜனவரியில் சம்பளம் ஏறியது. அதன்பிறகு இன்னும் சிலருக்கும் அப்படியே அடித்தார்.

2007 செப்டம்பரில் ஆலோசகர் அலுவலகத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பெல்ஜியத்துக்காரர், டச்சு அவருக்குத் தாய்மொழி. மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கினார். பத்து நாளில் ரூலோஃபின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு கடிதம் வந்தது.

சுஷ்மிதா அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. அதுவரைக்கும் இங்கே இருந்தாக வேண்டும். நாகலிங்கத்துக்கு வேறு யோசனையே இல்லை. இங்கே வேலை இனி நிலைக்காது என்று தெரிந்து விசாரித்ததில், அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பழைய கம்பெனி 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் தர வேண்டும். தராவிட்டால் ஆறு மாதத்துக்கு எங்கும் வேலை பார்க்கக் கூடாது, விசாவும் போய்விடும்.

ஹென்ட்ரிக் கூப்பிட்டு உட்காரவைத்தார். டச்சு தெரியாத ஒரு இந்திய கிளார்க் செய்த மொழிபெயர்ப்புத் தவறு என்று ஆலோசகர்களுக்குப் பதில் எழுதப்போவதாகச் சொன்னார். ஒரு தாளைத் திருப்பி வைத்தார். எனக்கு டச்சு மொழி தெரியாது, படிப்பின் பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போடு. உன் ஆட்சேபணை இல்லைக் கடிதத்தை நானே அனுப்புகிறேன்."

நாகலிங்கம் தாளை இரண்டு முறை படித்தார். நீங்கள் பேனாவால் நீக்கிய அந்த வரி கோப்பில் இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சுஷ்மிதாவை நினைத்தார். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

நவம்பர் 8, தீபாவளியன்று கணக்குத் தீர்த்தார்கள். ரூலோஃபைக் கத்தாரில் இன்னும் பெரிய வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவர் பயோடேட்டாவை யார் டைப் அடித்தார்களோ. கடிதம் மட்டும் வரவில்லை. ஹென்ட்ரிக் லீவில் இருப்பதாகச் சொன்னார்கள், பிறகு மீட்டிங்கில், பிறகு செய்கு முகம்மது நேரில் போய் விசாரித்ததில் பைல் தலைமை அலுவலகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். விசா ரத்தாகி முப்பது நாள் தவணை. அபுதாபிக்காரர்கள் மூன்று வாரம் பொறுத்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுச் சாமான்களை விற்கும்போதுதான் ஜெயலட்சுமிக்கு அந்தத் தாளின் விஷயம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. பாத்திரங்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"டச்சு தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கிய. இந்த ஊருல வந்து நீங்க சம்பாதிச்சது அந்தப் பாஷை ஒண்ணுதான்."

நாகலிங்கம் பெட்டிக்குக் கயிறு கட்டினார். சுஷ்மிதா மாடிப்படியில் உட்கார்ந்து தோழியோடு போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். பரீட்சையை எந்த ஊரில் எழுதப்போகிறாய் என்று அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். இவள் தெரியாது, தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 6ஆம் தேதி மூவரும் விமானம் ஏறினார்கள். பரீட்சைக்குப் பெயர் பதிந்திருந்தது ஷார்ஜா மையத்தில். நடுவருஷத்தில் மையத்தை மாற்ற வழியில்லை என்று திருநெல்வேலியில் ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் கைவிரித்தார்கள். மற்றப் பிள்ளைகள் எழுதிய மார்ச்சில் அவள் வீட்டில் இருந்தாள். ஒரு வருஷம் போயிற்று. அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

ஹென்ட்ரிக் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் செய்தார். ஆட்சேபணை இல்லை என்று ஒற்றை வரி; அவரே கையெழுத்திட்டது; தேதி 2007 நவம்பர் 5. யார் மேஜையிலோ கிடந்து, சாதாரணத் தபாலில் அது பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துசேர்ந்தது 2008 ஏப்ரல் 17.