உப்புப் பார்த்தது சாப்பிட்டதாகுமா?

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே, ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் கிடக்கும். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி அவரை யாரும் அழைத்ததில்லை. நோயாளிகளுக்கும் செவிலியருக்கும் மருத்துவர்களுக்கும் அவர் 'திருப்பிச் சொல்லம்மா'தான். ஸ்கேன் எதற்கு, மாத்திரை எப்போது, அறுவைச் சிகிச்சைக்கு எப்படி வர வேண்டும் என்று எதை விளக்கினாலும், "நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் ஆளை விடுவார்.

அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தது விளக்கம் சொல்வதற்காக அல்ல, தரை துடைப்பதற்காக. சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும். ஒருநாள் மருத்துவரின் அறையிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். வாசலைத் தாண்டும்வரை தலையை நன்றாக ஆட்டிக்கொண்டிருந்தவர், ஈரத் தரையின் ஓரத்தில் வந்து நின்றதும் துடைப்பத்தோடு இருந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, உள்ள டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்னைக் கேக்கிறீங்களே! உள்ள இருந்தது நீங்கதானே?"

"இருந்தேன். அவர் மளமளன்னு சொன்னாரு. நானும் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன். மறுபடி கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு பயமா இருந்துச்சு."

கதவு பாதி திறந்திருந்ததால், உள்ளே பேசியது இவர் காதில் விழுந்திருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "அடிவயித்துல ஸ்கேன் எடுக்கணும்னாரு. அதுக்கு முன்னாடி நிறையத் தண்ணி குடிச்சுட்டு, ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு வரணும். மூத்திரப் பை நிறைஞ்சிருந்தாத்தான் பின்னாடி இருக்கிறது படத்துல தெளிவாத் தெரியுமாம். கத்தி இல்ல, ஊசி இல்ல. வழவழன்னு ஒரு மருந்தைத் தடவி, மேலால தேய்ச்சுப் பார்ப்பாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அறுக்கப் போறாங்கன்னு நினைச்சு, பிள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு வந்தேனே!" என்று அந்தப் பெண்மணி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இவ்வளவையும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் பெரிய சிஸ்டர். வேலை போயிற்று என்றே இவர் நினைத்தார். பெரிய சிஸ்டரோ, "நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல. ஆனா இனிமே காதுல விழுந்ததைச் சொல்லாதே. நான் சொல்லித் தர்றேன், அதைச் சொல்லு" என்றார். அந்த மேசையைப் பெறுவதற்கு நிர்வாகத்துக்கு அவர் ஏழு கடிதங்கள் எழுதினார் என்பது இவருக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்றும் காலையில் மேசையைத் துடைக்கும்போதெல்லாம் அவரை நினைத்து ஒரு விநாடி கைகூப்பிவிட்டுத்தான் திருப்பிச் சொல்லம்மா நாற்காலியில் அமர்வார்.

சமையல்காரர் அந்த மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தது ஒரு திங்கட்கிழமை. மாணவர் விடுதி ஒன்றில் முந்நூறு பேருக்குச் சமைப்பவர், ஐம்பது வயது, அகலமான தோள்கள். பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து, அடுப்புக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். முதலில் கொடுத்த தேதி இருமலால் தள்ளிப்போய்விட்டது. அதன்பின் இரண்டு மாதங்கள் காத்திருந்து கிடைத்த தேதி இந்தப் புதன்கிழமை.

"ஈரலுக்குக் கீழ ஒரு சின்னப் பை இருக்குண்ணா. அதுலதான் கல்லு. வயித்துல நாலு சின்னத் துளை போட்டு, அந்தப் பையையே எடுத்துடுவாங்க. அது இல்லாமலும் நல்லா வாழலாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வாங்க. அதனால செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டோட சரி. அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது. காலையில எழுந்த பிறகு தண்ணியும் வேண்டாம்."

"ஏன்னு கேக்கலாமாம்மா?"

"தாராளமாக் கேளுங்க. நம்ம தொண்டையில ஒரு காவக்காரன் இருக்கான். சோறு ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்னு பிரிச்சு அனுப்புறவன் அவன்தான். மயக்க மருந்து கொடுத்தா உங்களோட சேர்ந்து அவனும் தூங்கிடுவான். அந்த நேரத்துல வயித்துல இருக்கிறது மேல வந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குள்ள போயிடும். அது உயிருக்கே ஆபத்து. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

சமையல்காரர் காவல்காரன் உட்பட ஒன்றையும் விடாமல் ஒப்பித்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "பள்ளிக்கூடத்துல இப்படி ஒப்பிச்சிருந்தா இன்னைக்கு நீங்களே டாக்டர்" என்றார். திருப்பிச் சொல்லம்மா மன நிறைவோடு, விளக்கம் சொல்லியாயிற்று என்ற தாளில் கையெழுத்திட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கணவனும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று வார்டுச் செவிலி கேட்டதற்கு, "பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல சிஸ்டர்" என்று அடித்துச் சொன்னார் சமையல்காரர். பச்சை அங்கியை உடுத்தி, மோதிரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்தார். ஒன்பது மணிக்கு அவர்தாம் முதல் ஆள்.

ஒரு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டு வரலாம் என்று திருப்பிச் சொல்லம்மா அங்கே போனார். மனைவிக்குப் படபடப்பு. படபடப்பில் வாய் ஓயவில்லை.

"இந்த மனுஷனை என்ன சொல்றது? ஆபரேஷன் அன்னைக்கும் அஞ்சு மணிக்கே எழுந்து விடுதிக்குப் போயிட்டாரு. என் தம்பிதான் இன்னைக்குச் சமைக்கிறான். அவன் கையில உப்பை நம்பி விட மாட்டாராம். பருப்பை இவரே சரிபண்ணி இறக்கி வச்சுட்டுத்தான் வந்தாரு."

"உங்க தம்பி போடுற உப்புல கடலே உண்டாக்கலாம்" என்றார் சமையல்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். திருப்பிச் சொல்லம்மாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"அண்ணா, உப்பு சரியா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இது என்னம்மா கேள்வி? உப்புப் பார்க்காம எந்தச் சமையல்காரன் பருப்பை இறக்குவான்?"

"அப்போ வாயில வச்சீங்க."

"உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பார்த்தேன். அது சாப்பிட்டதாகுமா? உப்புத்தானே பார்த்தேன்!"

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் நூறு முறை செய்கிற காரியம். கண் இமைப்பதைப் போல. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டின் முன் அமர்ந்தால்தான் அவர் கணக்கில் அது சாப்பாடு.

"எத்தனை தடவை?"

"மூணு. உப்புக் கூட்டினதும் ஒரு தடவை பார்க்கணுமே."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." சற்று யோசித்தார். "ரொட்டி வெந்துச்சான்னு ஓரத்துல ஒரு கிள்ளு."

"வேற?"

"பால் திரிஞ்சிருக்கோன்னு ஒரு சந்தேகம்..."

"அடப் பாவி மனுஷா! காலைச் சாப்பாட்டையே முடிச்சுட்டு வந்திருக்கீங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

சமையல்காரரின் முகம் வெளிறியது. எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இதைச் சொன்னா இன்னைக்கு வேண்டாம்னுடுவாங்க. இன்னும் ரெண்டு மாசம் இந்த வலியை என்னால தாங்க முடியாதும்மா. ஒரு வாய்கூட இருக்காது. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

"காவக்காரனைப் பத்தி நீங்கதானே எனக்கு ஒப்பிச்சீங்க? அவனுக்கு ஒரு வாயும் ஒண்ணுதான், ஒரு வயிறும் ஒண்ணுதான். தப்பு உங்களுது இல்லண்ணா. சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே தவிர, ருசி பார்க்கக் கூடாதுன்னு நான் சொல்லல. நானே போய்ப் பேசுறேன்."

மயக்க மருந்து டாக்டர் வயதில் சிறியவர். முகத்தில் எப்போதும் ஒரு கடுமை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்கதானே அவருக்கு விளக்கம் சொன்னது?"

"ஆமாம் டாக்டர். என் குறைதான். அவர் ஒண்ணையும் மறைக்கல. அவருக்கு அது சாப்பாடுன்னே தெரியாது."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "கடைசியா எத்தனை மணிக்கு?"

"ஆறே முக்காலுக்குன்னு சொல்றாரு."

"இப்போ முடியவே முடியாது. அவரைக் கடைசி ஆளா மாத்துறேன். ரெண்டு மணிக்கு மேல தியேட்டர் காலியா இருந்தாச் செய்யலாம். நடுவுல அவசரக் கேஸ் வந்துட்டா, வேற தேதிதான். என் கையில இல்ல." திரும்பிப் போகவிருந்தவர் நின்றார். "அந்தச் சிரிப்போட நீங்களும் சிரிச்சுட்டுப் போயிருந்தா, ஒன்பதே காலுக்கு நான் பெரிய சிக்கல்ல மாட்டியிருப்பேன். தேங்க்ஸ்மா."

அன்றைய முற்பகல் நகர மறுத்தது. திருப்பிச் சொல்லம்மா மேசைக்குத் திரும்பினார். அடுத்து வந்தவர் ஒரு தையல்கார அம்மா. மறுநாள் அவருக்கும் அறுவைச் சிகிச்சை. வழக்கமானவற்றைச் சொல்லி, அவர் ஒப்பித்ததையும் கேட்ட பிறகு, திருப்பிச் சொல்லம்மா அவரை விடவில்லை.

"நாளைக்குக் காலையில கண்ணு முழிச்சதுல இருந்து இங்க வந்து சேர்ற வரைக்கும் என்னென்ன செய்வீங்க? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

"எதுக்கும்மா அதெல்லாம்? எழுந்திருப்பேன், பல்லு விளக்குவேன், பாதியில நிக்கிற ஜாக்கெட் ரெண்டை முடிச்சுடுவேன்..." திடீரென்று அவர் பயந்தார். "நூலை நாக்குல நனைச்சுத்தான் ஊசியில கோப்பேன். அதுவும் கூடாதா?"

"எச்சிலை முழுங்குறது தப்பில்ல. நூலை முழுங்காம இருந்தாச் சரி."

சிரித்தாலும், திருப்பிச் சொல்லம்மாவின் கண்கள் அடிக்கடி லிஃப்டின் பக்கமே போயின. கதவு திறக்கும்போதெல்லாம், அவசரமாக யாரையேனும் தள்ளுவண்டியில் கொண்டு வருகிறார்களோ என்று எட்டிப் பார்த்தார். பதினொன்றரைக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது. கால் முறிந்த ஒருவர். 'தெய்வமே, இவர் பாவம், இவருக்கும் நல்லதாகட்டும். ஆனால் அந்தத் தியேட்டர் வேண்டாம்' என்று வேண்டிக்கொண்டார். வண்டி எலும்புப் பிரிவுக்குத் திரும்பியது. அவருக்குத் தம் வேண்டுதலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வார்டில் சமையல்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு வந்தபோது மட்டும் மூக்கை உறிஞ்சி, "உப்புக் கம்மி" என்றார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அந்த வாயாலதான் இவ்வளவும்" என்றார் மனைவி.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மருத்துவமனை ஊழியர் இருவர் வண்டியோடு வந்து அவரை அழைத்துச் சென்றார்கள்.

திருப்பிச் சொல்லம்மாவுக்கு வேலை நேரம் மூன்று மணியோடு முடிந்துவிடும். மூன்றரை மணிப் பேருந்து போனதைச் சன்னல் வழியே பார்த்தார். நாலரைப் பேருந்தும் போயிற்று. சமையல்காரரின் மனைவி கையைப் பிடித்தபடி தியேட்டருக்கு வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்திருந்தார். கதவைத் திறந்து மயக்க மருந்து டாக்டர் வந்தார். முகக்கவசத்தை இறக்கியபோது, அந்தக் கடுமையான முகத்தில் ஒரு புன்னகை இருந்தது.

"நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சுட்டாரு. போய்ப் பாருங்க."

சமையல்காரர் இமைகளை இழுத்துத் திறந்தார். மனைவியைப் பார்த்தார், திருப்பிச் சொல்லம்மாவைப் பார்த்தார். உதடுகள் உலர்ந்திருந்தன.

"பசிக்குது" என்றார்.

மனைவி அழுதுகொண்டே சிரித்தார். "கொஞ்ச நேரம் பொறுங்கண்ணா. முதல்ல ஒரு வாய் தண்ணி. அது வயித்துல நின்னா கஞ்சி. எப்போன்னு சிஸ்டர் சொல்லுவாங்க" என்றார் திருப்பிச் சொல்லம்மா.

சமையல்காரர் தலையசைத்தார். மெல்ல இரண்டு கைகளையும் தூக்கி, இவரைப் பார்த்துக் கும்பிட முயன்றார். இடக்கையில் ஊசி, அதிலிருந்து டிரிப்ஸ் குழாய் தொங்கியது.

"கையை ஆட்டாதீங்கண்ணா, ஊசி நழுவிடும்" என்று திருப்பிச் சொல்லம்மா அந்தக் கையைப் பிடித்து மெத்தையில் வைத்தார். வைத்த பின்னும் சமையல்காரர் அவர் கையை விடவில்லை. அந்த அகலமான உள்ளங்கை சூடாக இருந்தது. அதற்குள் இவருடைய விரல்கள் நெடுநேரம் அப்படியே இருந்தன.