விமானத் தராசில் என் மனைவி

பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தினமும் கொழுந்துக் கூடைகளைத் தராசில் நிறுத்த கணக்கப்பிள்ளை நான். தங்கை மகள் கல்யாணத்துக்காக மனைவியுடன் கொழும்பிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டேன். சின்ன விமானம் என்பதால் பயணிகளையும் தராசில் ஏற்றினார்கள்.

“அம்மா எழுபத்தொரு றாத்தல்” என்றார் அங்கிருந்தவர்; அதாவது முப்பத்திரண்டு கிலோ.

“கூடைக்குக் கழிச்சிட்டீங்களோ?” என்று, கூடையின் எடையைக் கழிக்கும் தோட்டத்து வழக்கப்படி கேலி செய்தேன்.

“இல்லைங்க ஐயா, கைப்பையும் சேர்த்துத்தான்.”

“விடுங்க, பிளேன் லேசாப் பறக்கும்” என்று மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்திலேயே இருந்தவள் இவ்வளவு மெலிந்ததை நான் பார்க்கவே இல்லை.

திருச்சி டாக்டரிடம் காட்டியபோது நோய் முற்றியிருந்தது. அந்த மாதமே போய்விட்டாள். திரும்பும்போது தராசில் நான் மட்டும் ஏறினேன்.

இப்போது மாதந்தோறும் எங்கள் மகளைக் கொழுந்துத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். “நான் என்ன கொழுந்தாப்பா?” என்று சிரிப்பாள். தராசு முள் ஓரிடத்தில் நிற்கும்வரை நான் அதிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.